நாலு இருபது பஸ்

4 மார்ச் 2018, ஞாயிறு

இந்த டைரி பொங்கலுக்கு மேகலா கொண்டுவந்தது. "இருபத்தாறு வருசம் கம்பெனியில ஷிப்ட் புஸ்தகம் எழுதுனீங்கல்லப்பா, இனி வீட்டைப் பத்தி எழுதுங்க" என்று சொல்லிவிட்டு சேலம் போய்விட்டாள். அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்களுக்கு ஒரே பெண். இரண்டு மாதமாக டைரி அலமாரியில் கிடந்தது.

காலை 7 மணி: மேல்தொட்டி கழுவினேன். குழாய்க்கு வாஷர் மாற்றினேன். மதியம் கோழி எடுத்தேன். பாவாயி இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. இருமல். பொங்கலிலிருந்தே இருக்கிறது. மெடிக்கலில் டானிக் வாங்கிக் கொடுத்தேன். பனி போனால் சரியாகிவிடும்.

10 மார்ச், சனி

இரண்டாவது பாட்டிலும் தீர்ந்தது. பாவாயி ரவிக்கைகளை எல்லாம் எடுத்துவைத்துப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்றேன். "தோள்ல நிக்க மாட்டேங்குதுங்க" என்றாள். தெருக்குழாயிலிருந்து ஒரு குடம் கொண்டுவருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றாள். குடத்தை நான் வாங்கிக்கொண்டேன்.

14 மார்ச், புதன்

ஈரோடு போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது பக்கம் நீர் கோத்திருக்கிறது. டி.பி.யாக இருக்கலாம், சளி கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார் டாக்டர். டி.பி. என்றால் ஆறு மாதம் மாத்திரை. அதோடு தீர்ந்தது. திருச்செங்கோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். டி.பி.யாகவே இருக்கட்டும்.

20 மார்ச், செவ்வாய்

டி.பி. இல்லை. முதுகில் ஊசி குத்தி ஒன்றேகால் லிட்டர் நீர் எடுத்தார்கள். சாயப்பட்டறைத் தண்ணீர் மாதிரி சிவப்பாக இருந்தது. கோயம்புத்தூருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பாவாயி, "மூச்சு இப்ப லேசா இருக்குதுங்க, இத்தோட விட்டுரலாம்" என்றாள்.

29 மார்ச், வியாழன்

கோயம்புத்தூர். ஸ்கேன் எடுத்தார்கள். நெஞ்சுக்கூட்டில் ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். டாக்டர் பெயர் நஸ்ரின். மேகலா வயதுதான் இருக்கும். ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். பாவாயிக்குப் பதில் சொல்ல மூச்சு போதவில்லை, பாதி நான் சொன்னேன்.

விறகடுப்பா, கேஸா? 2002 வரை விறகு. வயது? ஐம்பத்தேழு. வீட்டில் யாராவது புகை பிடிப்பார்களா?

நான் வாயைத் திறப்பதற்குள் பாவாயி முந்திக்கொண்டாள். "அவரு பீடி குடிப்பாருங்க. ஆனா வீட்டுக்குள்ள குடிக்க மாட்டாரு. வெளியில போய்த்தான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். அப்படியே எழுதிக்கொண்டார். அவள் சொன்னதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

30 மார்ச், வெள்ளி

முன் அறையில் என் கட்டில் ஓரச் சுவருக்கும் அதற்கு நேர் மேலே உள்ள கூரைக்கும் வெள்ளையடித்தேன். இரண்டு தடவை அடித்தும் மஞ்சள் கறை மறையவில்லை. மூன்றாவதும் அடித்தேன்.

1 ஏப்ரல், ஞாயிறு

மேகலா வந்தாள். உள்ளே வந்ததும் மூக்கைச் சுருக்கினாள்.

"என்னப்பா பெயிண்ட் வாசம்? அம்மாவுக்கு மூச்சு முட்டாதா?"

"சித்திரைக்குள்ள அடிச்சிரலாம்னு, கண்ணு."

"ஒரே ஒரு சுவத்துக்கு மட்டுமா?"

பையை எடுத்துக்கொண்டு தக்காளி வாங்கப் போனேன். தக்காளி நன்றாக இல்லை.

6 ஏப்ரல், வெள்ளி

கேன்சர். நுரையீரலில். அதைச் சுற்றியிருக்கும் உறையிலும் பரவியிருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு வழி இல்லை. மருந்து ஏற்றிப் பார்க்கலாம், நாள் கூடும், குணமாகாது என்றார் டாக்டர் நஸ்ரின். பாவாயி வெளியே பெஞ்சில் இருந்தாள். மேகலாவும் நானும் மட்டும் உள்ளே.

வராந்தாவுக்கு வந்ததும் மேகலா என் சட்டையைப் பிடித்தாள். என் மகள் என் சட்டையைப் பிடிப்பாள் என்று நான் நினைத்ததில்லை. "கதவைச் சாத்திக்கிட்டு ராத்திரியெல்லாம் இழுப்பீங்களே. நான் போர்வையை முகத்துல போத்திக்கிட்டுப் படுப்பேன். அம்மா போத்திக்கக்கூட மாட்டா, நீங்க ஏதாவது நெனச்சுக்குவீங்கன்னு" என்றாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

மாலையில் பீடிக்கட்டைச் சாக்கடையில் போட்டேன்.

7 ஏப்ரல், சனி

ஒன்று குடித்தேன். வெளியில் போய்த்தான்.

12 ஏப்ரல், வியாழன்

டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருந்தார். இந்தத் தடவை பாவாயியும் உள்ளே வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவளே கேட்டாள். "கேன்சருங்களா, டாக்டரம்மா?"

"ஆமாம்மா."

"நெனச்சேனுங்க. இவரு நாலு நாளா எனக்குக் காப்பி போட்டுத் தர்றாரு."

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். நுரையீரல் உறையில் இரண்டு பக்கமும் சுண்ணாம்புத் திட்டு மாதிரி இருக்கிறது, இது ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார்த் தூசு நிறைய உள்ளே போனவர்களுக்கு வருவது, நீங்கள் எங்கே வேலை செய்தீர்கள் என்று பாவாயியைக் கேட்டார்.

"நான் எங்கயும் போவலீங்க. ரெண்டு எருமை இருந்துச்சு, அவ்வளவுதான்."

நான் சொன்னேன். சிமெண்டு அட்டைக் கம்பெனியில் 1983 முதல் 2009 வரை, கலவைப் பிரிவு. கல்நார் மூட்டையைக் கிழித்துச் சிமெண்டோடு கலப்பது. 1995 முதல் மேஸ்திரி.

டாக்டர் பாவாயியிடமே கேட்டார். "இவர் துணியை யாரும்மா துவைப்பாங்க?"

பாவாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாந்தானுங்க. வேற யாரு? மாவு மில்லுல இருந்து வந்தாப்புல வருவாரு. காக்கிச் சட்டையை வாசல்ல நாலு உதறு உதறித்தான் தண்ணியில நனைப்பேன். இல்லீன்னா தண்ணி கொழகொழன்னு போயிருமுங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி நார் உள்ளே போய்த் தங்கிவிடும். இருபது முப்பது வருடம் கழித்து வேலையைக் காட்டும். பீடிப் புகையும் விறகுப் புகையும் தன் பங்குக்குக் கெடுக்கும். இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. என்னையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எனக்கு ஒன்றும் இல்லை என்றேன்.

பஸ் ஏறுவதற்கு முன் மேகலாவுக்குப் போன் செய்தேன். பீடி இல்லை, கம்பெனித் தூசு என்று சொன்னேன். அவள் அழுதாள். அன்றைக்குப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டாள். பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன். பல நாளாயிற்று அப்படித் தூங்கி.

17 ஏப்ரல், செவ்வாய்

முதல் மருந்து ஏற்றினார்கள். ஐந்து மணி நேரம். வாந்தி இல்லை.

18 ஏப்ரல், புதன்

வாந்தி. ஆறு தடவை.

22 ஏப்ரல், ஞாயிறு

குழந்தைவேல் பார்க்க வந்தான். என் கீழே கலவைப் பிரிவில் இருந்தவன். அடுத்த தெருவில்தான் வீடு. கம்பெனி மேல் வழக்குப் போட வேண்டும், ஈரோட்டில் ஒரு வக்கீலம்மா இந்த மாதிரி வழக்கு எடுக்கிறார், நீங்கள் மேஸ்திரி, உங்கள் வாக்குமூலம்தான் கெட்டி என்றான்.

கிளம்பும்போது, "ஆனா துணி மாத்துற ரூம் ஒண்ணு இருந்துச்சே மேஸ்திரி, அது தொண்ணூத்தியாறா தொண்ணூத்தியேழா?" என்றான்.

"உனக்கு ஞாபகம் பத்தலை. அது ஆபீஸ்காரங்க ரூம்" என்று சொல்லி அனுப்பினேன்.

30 ஏப்ரல், திங்கள்

தலைமுடி கொத்தாக வருகிறது. பாவாயி தலையணை உறையைத் தானே தட்டிப்போட எழுந்தாள். படுக்கச் சொன்னேன். அரிசியும் பருப்பும் சாதம் கேட்டாள். செய்தேன். அடிப்பிடித்துவிட்டது. "நல்லா இருக்குதுங்க" என்று மூன்று வாய் சாப்பிட்டாள். நான் வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பே போடவில்லை.

9 மே, புதன்

வக்கீலம்மா வீட்டுக்கே வந்து வாக்குமூலம் எழுதினார். மேகலாவும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். வேலை, மூட்டை, தூசு எல்லாம் சொன்னேன். முகமூடி கொடுத்தார்களா? துணிதான், அதுவும் வருடத்துக்கு இரண்டு. அது உண்மை.

"வேலைத் துணியை அங்கேயே மாத்திட்டு வர வசதி இருந்ததா?"

"இல்லீங்க."

கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் போன பிறகு பாவாயி பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க மனசை உட்டுராதீங்க. கம்பெனிக்காரன் பண்ணுனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள். பால் பொங்கும் என்று எழுந்துபோனேன். அடுப்பில் பால் இல்லை.

16 மே, புதன்

இதை எழுதாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

ரூம் இருந்தது. 1996 ஆகஸ்டில் கட்டினார்கள். கலவைப் பிரிவுக்குப் பின்னால், ஆறு குழாய், இரும்பு அலமாரி வரிசை. வெளியூரிலிருந்து ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்து எங்களை உட்காரவைத்துப் படம் காட்டினார். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போகக் கூடாது, குளித்து மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும், இந்தத் தூசு வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நோய் கொண்டுவரும் என்றார். அதை அட்டையில் எழுதிக் கதவுக்கு மேல் மாட்டினார்கள். படிக்கத் தெரியாதவர்களும் இருந்ததால் தினமும் ஷிப்ட் முடிவில் சத்தமாக வாசிக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். இரண்டு மாதம் வாசித்தேன்.

நாலு மணிக்கு ஷிப்ட் முடியும். நாலு இருபதுக்கு ஒரு டவுன் பஸ். அடுத்தது ஐந்து பத்துக்கு. ஆறு குழாய்க்கு நாற்பது பேர். கோடையில் மூன்று குழாயில்தான் தண்ணீர் வரும். வரிசையில் நின்றால் நாலு இருபது போய்விடும். நவம்பரில் ஒரு நாள் நான் வரிசையை விட்டு விலகி அப்படியே நடந்தேன். மறுநாள் குழந்தைவேல் பின்னால் வந்தான். மேஸ்திரியே போகும்போது மற்றவர்களுக்கு என்ன. ஒரு வாரத்தில் ஒன்பது பேர் அந்த பஸ்ஸில் என்னோடு வெள்ளையாக உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர் கேலி செய்வான். 2009-ல் கம்பெனியை மூடும் வரை, பதிமூன்று வருடம்.

அந்த ஐம்பது நிமிடத்தில் வீட்டில் எனக்கு அவசரமான வேலை ஒன்றும் இருந்ததில்லை. ஏதாவது காரணம் எழுதலாமா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. காத்திருக்கப் பிடிக்கவில்லை. வந்ததும் கட்டிலில் சாய்ந்து ஒரு பீடி பற்றவைப்பேன். பாவாயி சட்டையை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போவாள்.

28 மே, திங்கள்

இன்று தேர். மூன்றாவது மருந்து ஏற்றத் தேதி வந்தும் உடம்பு தாங்காது என்று தள்ளிவைத்திருக்கிறார்கள். ஆக்சிஜன் மிஷின் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து வைத்தோம். தேர் பார்க்க வேண்டும் என்றாள். ஆட்டோவில் தூக்கி உட்காரவைக்கலாம் என்று பார்த்தேன். வாசல் வரை வந்து, "வேண்டாமுங்க" என்று திரும்பிவிட்டாள். கட்டிலில் படுத்தபடி மேளச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் எந்தத் தெருவில் வருகிறது என்று அவளே சொல்லிக்கொண்டு வந்தாள். சரியாகத்தான் சொன்னாள்.

3 ஜூன், ஞாயிறு

காலை பத்து மணிக்குச் சொன்னேன். முகம் துடைத்துவிட்டு, கஞ்சி கொடுத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி சொன்னது, அட்டையை வாசித்தது, பஸ், வக்கீலம்மாவிடம் சொன்ன பொய். அவள் குறுக்கே பேசவில்லை.

"எத்தன வருசம்?" என்றாள்.

"பதிமூணு."

"மேகலாவுக்கு அப்ப என்ன வயசு?"

"எட்டு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். தூங்கவில்லை.

"பள்ளிக்கூடம் உட்டு வந்ததும் உங்க சட்டையை அவதான் சுருட்டி எடுத்துட்டு வந்து குடுப்பா. ஒரு நாளு அதைத் தலையில போட்டுக்கிட்டு ஆடிட்டு வந்தா. தலையெல்லாம் வெள்ளை. கெழவி வந்துட்டான்னு சிரிச்சோம். நீங்களுந்தான் சிரிச்சீங்க."

எனக்கு அது ஞாபகமே இல்லை.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆவுது? அவகிட்டச் சொல்லுங்க. படம் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க." இதற்கே நாலு தடவை மூச்சு வாங்கினாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

4 ஜூன், திங்கள்

பேசவில்லை. கஞ்சி அரை டம்ளர்.

5 ஜூன், செவ்வாய்

பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தொட்டுக் காட்டுகிறாள். பக்கத்து வீட்டு அம்மா வந்தால் இரண்டு வார்த்தை பேசுகிறாள்.

6 ஜூன், புதன்

மேகலாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவளும் குறுக்கே பேசவில்லை. "இன்னிக்கே பாத்துடுறேன்" என்று வைத்துவிட்டாள். அப்பா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

9 ஜூன், சனி

மேகலா வந்தாள். எக்ஸ்ரே கவர் கையில் இருந்தது. இப்போதைக்குச் சுத்தம், வருடா வருடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்களாம். அதை என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னாள். நான் சமையலறையிலிருந்து கேட்டேன். பாவாயி படத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். மேகலா அதை நேராகத் திருப்பிக் கொடுத்தாள். அம்மாவும் மகளும் என்னைக் கூப்பிடாமலே சாப்பிட்டார்கள். அது சரிதான்.

11 ஜூன், திங்கள்

எட்டு நாள் கழித்து இன்று பேசினாள். உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்த பஸ்ஸுல உங்க கூட எத்தன பேரு வந்தாங்க?"

"ஒம்போது பேரு."

"அவங்க ஊட்டுப் பொம்பளைங்க?"

துணியைப் பிழிந்து மறு கையைத் துடைத்தேன். மன்னித்துவிட்டாள் என்று எழுதினால் அது வாக்குமூலத்தில் சொன்ன மாதிரிதான்.

14 ஜூன், வியாழன்

காலை 5.40-க்குப் பாவாயி போய்விட்டாள். மேகலா கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கால்மாட்டில்.

30 ஜூன், சனி

காரியமெல்லாம் முடிந்தது. மேகலா சேலம் போனாள். மிஷினைத் திருப்பி அனுப்பினேன். அது இல்லாமல் வீடு சத்தமே இல்லாமல் இருக்கிறது.

4 ஜூலை, புதன்

ஈரோடு போய் வக்கீலம்மாவிடம் வாக்குமூலத்தை மாற்றி எழுதச் சொன்னேன். ரூம் இருந்தது, வாசித்தேன், நடந்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார். நாற்பது பேருக்கு ஆறு குழாய் வைத்ததும், தண்ணீர் வராததும், பதிமூன்று வருடம் கண்டுகொள்ளாததும் கம்பெனி செய்ததுதான், வழக்கு பலவீனமாகும், ஆனால் விழுந்துவிடாது என்றார்.

குழந்தைவேலுக்குச் செய்தி போய்விட்டது. போன் செய்து கத்தினான். "செத்தவங்களுக்கு உண்மையைச் சொல்லி என்னய்யா பண்ணப் போற?"

11 ஜூலை, புதன்

எனக்கு எக்ஸ்ரே. டாக்டர் நஸ்ரின்தான் பார்த்தார். உறையில் சின்னத் தழும்பு இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறீர்கள் என்றார். பீடி குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

"குடிச்சேனுங்க. நாப்பது வருசம். ஊட்டுக்குள்ளதான், கதவைச் சாத்திக்கிட்டு. அவ அன்னிக்கு உங்ககிட்டச் சொன்னது பொய்யிங்க."

அவர் பழைய தாளைத் தேடி எடுத்தார். திருத்தவில்லை. சும்மா பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

15 ஜூலை, ஞாயிறு

நாலு நாளாக அந்த பஸ்ஸில் என்னோடு வந்தவர்களின் வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவருகிறேன். ஒன்பது பேரில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டுக்கும் போனேன். ஒரு வீட்டில் உள்ளே விடவில்லை. சங்ககிரியில் ஒருவருடைய மனைவி மூன்று வருடத்துக்கு முன்பே நெஞ்சில் நீர் கோத்து இறந்தாராம். அங்கே டி.பி. என்றுதான் சொன்னார்களாம். அவர் மகன் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தான். அதைக் குடிக்க முடியவில்லை.

இன்று குழந்தைவேல் வீடு. பக்கத்துத் தெருதான், ஆனால் கடைசியாகத்தான் போனேன். அவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு டி.வி. பார்த்தான். அவன் மனைவி ராமாயி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவளிடம்தான் சொன்னேன். ரூமைப் பற்றி, அந்த அட்டையைப் பற்றி, முதலில் நடந்தவன் நான்தான் என்பதை. இருமல் இல்லாவிட்டாலும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். கோயம்புத்தூர் டாக்டரின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

ராமாயி கீரையைக் கீழே வைத்தாள்.

"உங்க ஊட்டம்மாகிட்ட இதை எப்பங்க சொன்னீங்க?"

"சாவுறதுக்குப் பதினோரு நாளைக்கு முன்னால."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டி.வி. பக்கம் திரும்பிக் குழந்தைவேலின் முதுகைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவன் திரும்பவில்லை, ஆனால் சத்தத்தைக் குறைத்திருந்தான்.

"உங்களுக்கும் தெரியுமா?" என்று கேட்டாள். என்னையல்ல.

ராமாயி எழுந்து, முந்தானையில் ஒட்டியிருந்த கீரையைத் தட்டிவிட்டு, மருத்துவக் காப்பீட்டு அட்டையைத் தேட உள்ளே போனாள்.